ரஷ்யாவின் கணக்கில் பின்லாந்து

1939 அக்டோபர் 9ஆம் தேதி ஹெல்சிங்கி ரயில் நிலையத்தில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. மாஸ்கோவுக்குப் புறப்பட்ட யூகோ குஸ்தி பாசிகிவியை மக்கள் பாட்டுப் பாடி வழியனுப்பினார்கள். அவருக்கு அப்போது 68 வயது. 1920இல் தார்த்து நகரில் சோவியத் அரசோடு சமாதானம் பேசி முடித்த பின்லாந்துக் குழுவுக்கும் அவரே தலைவர். இம்முறை அழைப்பு மாஸ்கோவிலிருந்து வந்திருந்தது. என்ன கேட்பார்கள் என்று ஊகிப்பதில் யாருக்கும் சிரமமில்லை. முந்தைய இரண்டு வாரங்களுக்குள் எஸ்தோனியாவும் லாத்வியாவும் தங்கள் மண்ணில் சோவியத் படைத்தளங்கள் அமைக்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தன. மறுநாள் லிதுவேனியாவும் கையெழுத்திட்டது.

லெனின்கிராடிலிருந்து 32 கிலோமீட்டர் தொலைவில் இருந்த எல்லையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், வளைகுடாத் தீவுகள் சிலவற்றைத் தர வேண்டும், ஹான்கோ துறைமுகத்தை 30 ஆண்டுக் குத்தகைக்கு விட வேண்டும் என்று மாஸ்கோ கேட்டது. ஈடாக வடக்கே கரேலியாவில் இரு மடங்கு நிலம் தருவதாகச் சொன்னது. அது காடு மண்டிய நிலம். பாசிகிவியும், பின்லாந்தின் மூத்த படைத்தலைவர் மன்னர்ஹைமும் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று கருதினார்கள். அரசாங்கம் சின்னச் சின்ன மாற்றங்களுக்கு இசைந்தது. ஹான்கோவைத் தர மறுத்தது. நவம்பர் 30 அன்று ஹெல்சிங்கி மீது குண்டுகள் விழுந்தன. 37 லட்சம் மக்கள் உள்ள நாட்டின் மீது 17 கோடி மக்கள் உள்ள நாடு படையெடுத்தது.

சிறிய ஜனநாயக நாடு பகைமை கொண்ட பெரிய அண்டை நாட்டை எப்படித் தடுத்து நிறுத்துகிறது என்று கேட்பவர்கள் இன்று பெரும்பாலும் பின்லாந்தைக் காட்டுகிறார்கள். காட்டுவது சரி. ஆனால் அந்தக் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1939இல் பின்லாந்தால் போரைத் தடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று புரிந்துகொண்டால்தான் பிறகு அது கட்டியெழுப்பிய ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

பாதுகாப்பியல் அறிஞர்கள் இதில் இரண்டு வழிகளைப் பிரித்துப் பேசுவார்கள். அமெரிக்கரான கிளென் ஸ்னைடர் 1960களின் தொடக்கத்தில் வகுத்த பிரிவு இது. தாக்கினால் உன் நகரங்களைச் சாம்பலாக்குவேன் என்று மிரட்டுவது ஒன்று. தாக்கினாலும் நீ தேடி வந்தது உனக்குக் கிடைக்காது என்று உணர்த்துவது மற்றது. அணுகுண்டு இல்லாத சிறிய நாட்டுக்கு முதல் வழி அநேகமாக அடைபட்டது. இரண்டாவது வழியோ முழுக்க முழுக்க எதிராளியின் தலைக்குள் நடக்கும் கணக்கு. எத்தனை நாள் ஆகும், எத்தனை பேர் சாவார்கள், உள்ளே நமக்குத் துணை நிற்பவர்கள் எத்தனை பேர் என்று அவன் போடுகிற கணக்கில் உங்கள் வலிமை ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த வலிமை போரில் உதவும். போரைத் தடுக்க உதவாது.

ஸ்டாலினின் கணக்கில் பின்லாந்தின் வலிமை ஏறவில்லை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. ரஷ்யப் பேரரசிலிருந்து 1917 டிசம்பர் 6ஆம் தேதி விடுதலை அறிவித்த பின்லாந்து, இரண்டே மாதத்தில் உள்நாட்டுப் போரில் இறங்கிய நாடு. ஒரு பக்கம் தொழிலாளிகளும் நிலமற்ற குத்தகை விவசாயிகளும் நிறைந்த செம்படை; மறுபக்கம் சொந்த நிலமுள்ள விவசாயிகளும் நடுத்தர வர்க்கமும் சேர்ந்த வெண்படை. 1918இன் அந்தச் சில மாதங்களில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தோற்ற பிறகு சிறைமுகாம்களில் பசியாலும் நோயாலும் மடிந்த செம்படையினர். 30 லட்சம் பேர் மட்டுமே இருந்த நாட்டுக்கு இது எவ்வளவு ஆழமான காயம் என்று சொல்லத் தேவையில்லை. 21 ஆண்டு கழித்து மாஸ்கோவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, பின்லாந்துத் தொழிலாளி தன் முதலாளிக்காகத் துப்பாக்கி ஏந்துவான் என்று தோன்றவில்லை. போர் தொடங்கிய மறுநாளே, மாஸ்கோவில் வாழ்ந்துவந்த பின்லாந்துக் கம்யூனிஸ்ட் ஓட்டோ வில்லே கூசினன் தலைமையில் எல்லையோரச் சிற்றூரான தெரியோகியில் ஒரு ‘மக்கள் அரசாங்கம்’ அறிவிக்கப்பட்டது. தொழிலாளிகள் அதன் பின்னால் திரள்வார்கள் என்பது எதிர்பார்ப்பு.

ஒருவரும் திரளவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் பின்லாந்துக்குள் என்ன நடந்தது என்பதை மாஸ்கோ கவனிக்கத் தவறியிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த அதே 1918இல் குத்தகை விவசாயிகள் தாங்கள் உழுத நிலத்தை விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளச் சட்டம் வந்தது. 1922இல் க்யோஸ்தி கல்லியோ கொண்டுவந்த நிலச் சட்டம் நிலமற்றவர்களுக்கும் வழி திறந்தது. தோற்ற தரப்பான சமூக ஜனநாயகக் கட்சி தடைசெய்யப்படாமல் தேர்தலில் நின்றது. 1926இல் வைனோ தன்னர் தலைமையில் ஆட்சியே அமைத்தது. 1930களின் தொடக்கத்தில் லாப்புவா இயக்கம் என்ற வலதுசாரித் தீவிரம் தலைதூக்கி, 1932இல் மந்த்சாலாவில் ஆயுதக் கிளர்ச்சி வரை போனது. அரசு அதைச் சட்டத்தின் வழியே அடக்கி, இயக்கத்தைத் தடைசெய்தது. 1937இல் சமூக ஜனநாயகக் கட்சியும் விவசாயக் கட்சியும் கூட்டணி ஆட்சி அமைத்தன. போர் வந்தபோது நாட்டின் ஜனாதிபதி வேறு யாருமல்ல, நிலச் சட்டம் கொண்டுவந்த அதே கல்லியோதான். காட்டுக்குள் துப்பாக்கியோடு நின்றவர்களில் ஏராளமானோர் அந்தச் சட்டங்களால் நிலம் பெற்றவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள்.

பின்லாந்தின் தற்காப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பனிச்சறுக்கு வீரர்களையும் குறிபார்த்துச் சுடுபவர்களையும் கொண்டாடுகிறார்கள். என் பார்வையில் அந்த 1918, 1922 சட்டங்கள் எந்தக் கோட்டையையும்விடப் பெரிய அரண்கள். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1940 ஜனவரி 23 அன்று, முதலாளிகள் சங்கம் முதல்முறையாகத் தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தைக்குரிய சமதரப்பாக ஏற்று அறிக்கை வெளியிட்டது. பகைவன் வாசலில் நிற்கும்போது உழைப்பவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள். முன்பே கொடுத்திருந்தால் மாஸ்கோவின் கண்ணுக்கும் தெரிந்திருக்கலாம்.

சோவியத் தளபதிகள் சில நாள்களில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் வேலை முடியும் என்று எண்ணியிருந்தார்கள். 105 நாள் ஆனது. அதில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் சற்று அருகே சென்று பார்ப்போம். பின்லாந்தின் இடுப்புப் பகுதியில், எல்லையிலிருந்து சுவோமுஸ்ஸல்மி என்ற ஊருக்குச் செல்லும் ராத்தே சாலை. இருபுறமும் அடர்ந்த காடு, இடுப்பளவு பனி, கடுங்குளிர். சோவியத் படையின் 44ஆவது டிவிஷன் தன் டாங்கிகள், பீரங்கிகள், லாரிகள், குதிரைகள், சமையல் வண்டிகள் அத்தனையோடும் அந்த ஒற்றைச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு நின்றது. சாலையை விட்டு இறங்க அதற்கு வழியில்லை. பனிச்சறுக்குப் பயிற்சியும் இல்லை. பின்லாந்துத் தளபதி ஹ்யால்மார் சீலஸ்வுவோவின் வீரர்கள் வெள்ளை மேலாடை அணிந்து காட்டுக்குள் பாதை அமைத்துப் பக்கவாட்டில் வந்தார்கள். நீண்டு கிடந்த அணியைப் பல இடங்களில் துண்டாக நறுக்கினார்கள். சமையல் வண்டிகளைத் தேடிச் சுட்டார்கள். சூடான உணவு நின்றால் அந்தக் குளிரில் ஒரு படை அதிக நாள் தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும். 1940 ஜனவரி முதல் வாரத்தில் அந்த டிவிஷன் சிதறியது. தப்பித் திரும்பிய அதன் தளபதியைச் சோவியத் அரசு அவருடைய வீரர்களின் முன்னாலேயே சுட்டுக்கொன்றது. பனியில் உறைந்துபோன அந்த இளைஞர்களில் பலர் உக்ரைனிலிருந்து வந்தவர்கள். யாருடைய போருக்கோ அனுப்பப்பட்ட அவர்களை நினைக்காமல் இந்த வெற்றியைப் பேச என்னால் முடியவில்லை.

ஆனால் தெற்கே கரேலிய நிலச்சந்தியில் பீரங்கிக் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. 1930கள் முழுக்க மன்னர்ஹைம் ஆயுதச் செலவுக்குப் பணம் கேட்டுக் களைத்துப்போனவர். பதவி விலகுவதாகவே மிரட்டியவர். பிப்ரவரியில் சோவியத் படை பெரும் பீரங்கித் தாக்குதலோடு தற்காப்புக் கோட்டை உடைத்தது. மார்ச் 13 அன்று போர் நின்றது. பின்லாந்து தன் நிலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கையும், பெரிய நகரங்களில் ஒன்றான வீபுரியையும் இழந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு மேற்கே பெயர்ந்தார்கள். சுமார் 25 ஆயிரம் பின்லாந்து வீரர்கள் இறந்தார்கள். சோவியத் தரப்பில் இறந்தும் காணாமலும் போனவர்கள், ரஷ்ய ஆவணங்களின்படியே, 1 லட்சத்து 26 ஆயிரத்துக்கும் மேல்.

தெரியோகி அரசாங்கம் சத்தமில்லாமல் கலைக்கப்பட்டது. மாஸ்கோ ஹெல்சிங்கி அரசோடுதான் உடன்படிக்கை செய்துகொண்டது. அந்த ஏப்ரலில் ஸ்டாலின் தன் தளபதிகளைக் கூட்டி என்ன தவறியது என்று நாள்கணக்கில் விசாரித்தார். மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் வரோஷிலவ் மாற்றப்பட்டார். படைத்தளங்களுக்கு இடம்கொடுத்த மூன்று பால்டிக் நாடுகளும் அதே 1940 ஆகஸ்டுக்குள் சோவியத் ஒன்றியத்தில் கரைக்கப்பட்டன. பின்லாந்து கரையவில்லை. அடுத்த முறை கணக்குப் போடுகிறவரிடம் இப்போது பழைய வரவுசெலவு ஏடு ஒன்று இருந்தது.

இதற்குப் பின் வருவதைச் சிலர் ஒரே பத்தியில் கடந்துவிடுவார்கள். அது சரியில்லை. 1941 ஜூனில் பின்லாந்து நாஜி ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத் ஒன்றியத்தின் மீது போர் தொடுத்தது. இழந்த நிலத்தை மீட்டதோடு நில்லாமல் பழைய எல்லையைத் தாண்டிக் கிழக்குக் கரேலியாவைப் பிடித்துவைத்தது. அங்கே ரஷ்யக் குடிமக்களை முகாம்களில் அடைத்தது. 4,000 பேருக்கும் மேல், பெரும்பாலும் பட்டினியால், அவற்றில் இறந்தார்கள். லெனின்கிராட் முற்றுகையின் வடக்குப் பக்கத்தில் நின்றது பின்லாந்துப் படை. பறிகொடுத்த நாடு என்ற அனுதாபம் இந்தக் குற்றத்தைக் கழுவாது. தற்காப்புக்காகத் திரட்டிய வலிமை எல்லையைத் தாண்டிய கணத்தில் உலகம் அந்நாட்டைப் பார்த்த பார்வையும் மாறியது. 1941 டிசம்பரில் பிரிட்டனே பின்லாந்து மீது போர் அறிவித்தது.

1944 கோடையில் சோவியத் பெருந்தாக்குதல் தாலி-இஹந்தாலாவில் தடுத்து நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் போர்நிறுத்தம். 30 கோடி டாலர் இழப்பீடு, ஹெல்சிங்கிக்கு அருகிலேயே போர்க்கலாவில் சோவியத் கடற்படைத் தளம், தன் மண்ணில் இருந்த ஜெர்மானியரைத் தானே போரிட்டு விரட்டும் பொறுப்பு என்று கடுமையான விதிகள். ஆனாலும் சோவியத் படை நாட்டுக்குள் புகுந்து அமரவில்லை. பாராளுமன்றம் இயங்கியது, தேர்தல்கள் நடந்தன.

ஏன் ஸ்டாலின் விழுங்காமல் விட்டார்? பெர்லினை எட்டும் அவசரம், அமெரிக்காவின் மனநிலை பற்றிய கவலை, எல்லாம் இதில் உண்டு. பின்லாந்தை ஆக்கிரமிக்காதது தவறு என்று ஆந்த்ரேய் ஷ்தானவ் பின்னாளில் வருந்தியதை யூகோஸ்லாவியாவின் மிலோவன் ஜிலாஸ் பதிவு செய்திருக்கிறார். நேச நாடுகளின் கண்காணிப்பு ஆணையத் தலைவராக ஹெல்சிங்கியில் இருந்தவர் ஷ்தானவ். ஆக, பின்லாந்தியரின் வீரம் மட்டுமே அந்த நாட்டைக் காத்தது என்று சொல்வது மிகை. ஆனால் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் இல்லாத ஒன்று பின்லாந்துக்கு இருந்தது. அங்கே போனால் என்ன ஆகும் என்று மாஸ்கோவுக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும்.

பாசிகிவி 1946இல் ஜனாதிபதியானார். வலிமையைக் காட்டுவது பாதி வேலைதான் என்று அவர் உணர்ந்திருந்தார். ‘தாக்கினால் விலை கொடுப்பாய்’ என்ற சொல்லோடு ‘தாக்காவிட்டால் எங்களால் உனக்கு ஆபத்து இல்லை’ என்ற உறுதியும் சேர்ந்தால்தான் எதிராளி சும்மா இருப்பதில் லாபம் காண்பான். அமெரிக்கரான தாமஸ் ஷெல்லிங் இதைப் பின்னர் கோட்பாடாக விளக்கினார். பாசிகிவி அதற்கு முன்பே நடைமுறையில் செய்துகொண்டிருந்தார். 1948 ஏப்ரலில் கையெழுத்தான நட்பு உடன்படிக்கையில் பின்லாந்து ஏற்றது இவ்வளவுதான்: ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளோ பின்லாந்து வழியாகச் சோவியத் மீது பாய வந்தால், பின்லாந்து தன் மண்ணில் நின்று போரிடும். ஹங்கேரியும் ருமேனியாவும் கையெழுத்திட்டதைவிட இது மிகக் குறுகிய கடமை. வல்லரசுகளின் சச்சரவுக்கு வெளியே நிற்கும் விருப்பமும் அதன் முன்னுரையிலேயே இடம்பெற்றது. இழப்பீட்டைக் கப்பலாகவும் எந்திரமாகவும் 1952க்குள் கட்டி முடித்தார்கள். போர்க்கலா 1956இல் திரும்பி வந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. 1956 முதல் 1982 வரை ஜனாதிபதியாக இருந்த ஊர்ஹோ கெக்கொனன் மாஸ்கோவின் நம்பிக்கையையே தன் அரசியல் முதலாக்கிக்கொண்டார். 1973இல் தேர்தல் இல்லாமல் தனிச்சட்டம் மூலம் அவருடைய பதவிக்காலம் நான்கு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. சோவியத் சிறைமுகாம்களைப் பற்றி ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சின் எழுதிய குலாக் நூலை வெளியிட ஹெல்சிங்கிப் பதிப்பகம் பின்வாங்கியது. பின்லாந்து மொழிப் பதிப்பு ஸ்வீடனில் அச்சாயிற்று. எல்லை தாண்டி ஓடிவந்த சோவியத் குடிமக்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பத்திரிகைகள் தம் வாயைத் தாமே கட்டிக்கொண்டன. சிறிய நாட்டின் விவேகம் என்று இதை முழுதாக மன்னிக்க எனக்கு மனமில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாருடைய பாதுகாப்புக்காகவோ பலியிடப்பட்டவர்கள். அதே வேளையில், மாஸ்கோவுக்கு இணக்கமான அந்தப் பேச்சுக்குக் கீழே வேறொரு வேலையும் நிற்காமல் நடந்தது. போருக்குப் பிந்தைய பாரிஸ் சமாதான உடன்படிக்கை தரைப்படையை 34,400 பேருக்குள் கட்டிவைத்திருந்தது. ஆண்டுதோறும் இளைஞர்களை அழைத்துப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் எண்ணிக்கை வரம்பு மீறப்படாது. ஆனால் ஊர் முழுக்கப் பயிற்சி பெற்றவர்கள் பெருகுவார்கள். அப்படியே பெருகினார்கள்.

உண்மையான சோதனை 1991க்குப் பிறகு வந்தது என்பேன். சோவியத் ஒன்றியம் கலைந்துவிட்டது. ஐரோப்பாவின் பல நாடுகளில் கட்டாய ராணுவ சேவை கைவிடப்பட்டது. பக்கத்து ஸ்வீடனே 2010இல் நிறுத்தி, 2017இல் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. பின்லாந்து நிறுத்தவில்லை. 1990களின் தொடக்கத்தில் அந்நாடு கடும் பொருளாதாரச் சரிவில் சிக்கி, வேலையின்மை உச்சத்தில் இருந்த நேரத்தில்தான் 64 ஹார்னெட் போர் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. கலைக்கப்பட்ட கிழக்கு ஜெர்மன் படையின் டாங்கிகளையும் பீரங்கிகளையும் மலிவு விலைக்கு வாங்கிச் சேர்த்தது. நான்காண்டுக்கு ஒருமுறை ஆட்சி மாறலாம், இடதும் வலதும் எதிரெதிரே மோதலாம், ஆனால் இந்த ஒன்றில் அடிப்படை மாறாது என்பதை அண்டை நாடு முப்பது ஆண்டு பார்த்துக்கொண்டிருந்தது. ஜனநாயகத்தின் வெளிப்படையான சண்டைகளைப் பலவீனமாகப் படிக்கும் பழக்கம் எதேச்சாதிகாரிகளுக்கு உண்டு. சண்டைக்கு அப்பாற்பட்டது எது என்று அவர்களுக்குக் காட்ட நீண்ட காலம் தேவை.

இன்றைய பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். ரஷ்யாவோடு எல்லை 1,340 கிலோமீட்டர். போர் வந்தால் களமிறங்கும் படை 2 லட்சத்து 80 ஆயிரம் பேர்; பயிற்சி பெற்ற ரிசர்வ் மொத்தம் சுமார் 8 லட்சத்து 70 ஆயிரம். ஆண்களுக்கு 165, 255 அல்லது 347 நாள் சேவை கட்டாயம்; பெண்கள் 1995 முதல் விரும்பினால் சேரலாம். நாட்டைக் காப்பதில் பங்கேற்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 127ஆம் பிரிவு சொல்கிறது. மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய பீரங்கிப் படைகளில் ஒன்று அவர்களுடையது. 1940 பிப்ரவரியை அவர்கள் மறக்கவில்லை. விமானதளங்கள் முதல் நாளே தகர்க்கப்படும் என்று எதிர்பார்த்து, நெடுஞ்சாலைகளில் நேரான நீண்ட பகுதிகளை ஓடுபாதையாகப் பயன்படுத்திப் போர் விமானங்களை இறக்கிப் பழகுகிறார்கள்.

படை எண்ணிக்கையைவிட என்னை ஈர்ப்பது மண்ணுக்குக் கீழே இருப்பது. ஹெல்சிங்கியின் மெரிஹாகா குடியிருப்புப் பகுதியில் ஒரு வாசல் வழியே இறங்கினால், பாறையைக் குடைந்து அமைத்த பெரிய கூடம் வருகிறது. குழந்தைகள் சறுக்கி விளையாடும் இடம், பந்தாட்டக் களம், உடற்பயிற்சிக் கூடம், சிற்றுண்டிக் கடை. கதவுகளைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்: கனத்த இரும்புக் கதவுகள், வெடி அதிர்வையும் நச்சுக் காற்றையும் தடுப்பவை. 72 மணி நேரத்தில் பொம்மைகளும் வலைகளும் அகற்றப்பட்டு 6,000 பேர் தங்கும் பதுங்கறையாக அது மாற வேண்டும். இத்தாகெஸ்குஸ் பகுதியில் நீச்சல் குளமே பாறைக்குள் இருக்கிறது. நீரை வடித்துவிட்டால் 3,800 பேருக்கு இடம். நாடு முழுக்க இப்படிச் சுமார் 50,500 பதுங்கறைகள், 48 லட்சம் பேருக்கு. 1,200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடம் கட்டுபவர் சொந்தச் செலவில் பதுங்கறை அமைத்தாக வேண்டும் என்பது சட்டம். அன்றாடம் புழங்கும் இடமாக வைத்திருப்பதால் பராமரிப்புத் தானே நடக்கிறது. மக்களுக்கும் வழி தெரிந்திருக்கிறது. நகரத்தைக் குண்டுவீசிப் பணியவைக்கலாம் என்று எண்ணுகிறவர் இந்தக் கதவுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவுக்கும் எரிபொருளுக்கும் மருந்துக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. 1993 முதல் இயங்கும் தேசிய இருப்புப் பாதுகாப்பு முகமை, மின்சாரத்தோடும் எரிபொருளோடும் சேர்த்து வசூலிக்கும் சிறு கட்டணத்தில் நடக்கிறது; ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் பணத்துக்குப் போராட வேண்டியதில்லை. ஆறு மாதத் தேவைக்கான தானியம் என்றிருந்த இலக்கை உக்ரைன் போருக்குப் பின் ஒன்பது மாதமாக உயர்த்தினார்கள். மருந்து நிறுவனங்கள் முக்கிய மருந்துகளைப் பல மாதத்துக்குக் கையிருப்பில் வைப்பது கட்டாயம். எல்லாம் பிசகில்லாமல் நடந்துவிடவில்லை. 2020இல் கொரோனாவின்போது அவசரமாக வாங்கிய முகக்கவசங்கள் தரமற்றவையாக இருந்ததால் முகமையின் தலைவர் பதவி இழந்தார்.

1961 முதல் நடக்கும் தேசியத் தற்காப்புப் பயிற்சி வகுப்பு இன்னொன்று. பாராளுமன்ற உறுப்பினர், வங்கித் தலைவர், தொழிற்சங்கத் தலைவர், பத்திரிகை ஆசிரியர், மதகுரு என்று அழைக்கப்பட்டவர்கள் மூன்று வாரத்துக்கும் மேலாக ஒன்றாக உட்கார்ந்து நெருக்கடியில் யார் என்ன செய்வது என்று பழகுகிறார்கள். நெருக்கடி வந்த பிறகு முதல்முறையாகக் கைகுலுக்கும் நிலை அவர்களுக்கு வராது. சிங்கப்பூரில் பிள்ளையைத் தேசிய சேவைக்கு அனுப்பிவைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஸ்வீடனையும் சுவிட்சர்லாந்தையும் பார்த்து சிங்கப்பூர் 1984இல் வகுத்த முழுமைத் தற்காப்பும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

முடிவு நிச்சயமில்லாவிட்டாலும் ஆயுதம் ஏந்திப் போரிட வேண்டுமா என்ற கேள்வியைப் பின்லாந்தியரிடம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். 2022இல் ஆம் என்றவர்கள் 80 விழுக்காட்டுக்கு மேல். அந்தக் கேள்வி கேட்கப்படும் விதமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெற்றி உறுதி என்று யாரும் அங்கே வாக்குறுதி தருவதில்லை.

2022 பிப்ரவரியில் புடினும் 1939இன் கணக்கைத்தான் போட்டார். கீவ் சில நாளில் விழும், உள்ளே நமக்கு ஆள் இருக்கிறார்கள் என்பது எதிர்பார்ப்பு. உக்ரைனியரின் வலிமை போரில் வெளிப்பட்டது. போருக்கு முன் மாஸ்கோவின் கண்ணில் படவில்லை. பின்லாந்தில் அதுவரை நேட்டோவில் சேர விரும்பியவர்கள் மக்களில் கால்வாசிப் பேர்தான். சில வாரங்களில் அது முக்கால்வாசியை நெருங்கியது. தனியாகப் போரிட்டால் என்ன மிஞ்சும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1940இல் நாடு பிழைத்தது, வீபுரி போனது. மே 14 அன்று ஜனாதிபதி சௌலி நீனிஸ்தோ தானே புடினைத் தொலைபேசியில் அழைத்து, விண்ணப்பிக்கப் போவதை நேரடியாகச் சொன்னார். மூன்று நாள் கழித்துப் பாராளுமன்றம் 188க்கு 8 என்று வாக்களித்தது. 2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து நேட்டோ உறுப்பினரானது. பிறரிடம் கையேந்தி நுழைந்த நாடாக அதை யாரும் பார்க்கவில்லை. படையும் பதுங்கறையும் கையில் வைத்துக்கொண்டு வந்ததால் வரவேற்புக்குக் குறைவில்லை.

எல்லாச் சிறிய நாடும் இதைப் பிரதி எடுக்க முடியாது. பின்லாந்தின் முதுகுப்புறம் ஸ்வீடன் இருக்கிறது. தைவானின் நான்கு பக்கமும் கடல். கடல் படையெடுப்பைக் கடினமாக்கும், முற்றுகையை எளிதாக்கும். தானியமும் எரிவாயுவும் கப்பலில் வரும் தீவுக்குக் கையிருப்பு, பின்லாந்தைவிடப் பல மடங்கு உயிர்நிலையான கேள்வி. கட்டாய சேவையை நான்கு மாதமாகச் சுருக்கியிருந்த தைவான் 2024 முதல் மறுபடி ஓராண்டாக்கியது. ஒருமுறை சுருக்கியதைத் திரும்ப விரிப்பது எத்தனை கடினம் என்று தைபேயில் இருப்பவர்கள் இன்று அறிவார்கள்.

படையெடுப்பு கட்டுப்படியாகாது என்று கண்ட அண்டை நாடு சும்மா இருந்துவிடுவதில்லை. போர் என்று பெயர் வைக்க முடியாத வேலைகளைத் தேடுகிறது. 2018 செப்டம்பரில் துர்க்கு நகருக்கு அருகே உள்ள தீவுக்கூட்டத்தில், ரஷ்யத் தொடர்புள்ள ஒரு நிறுவனத்தின் சொத்துகளைப் பொருளாதாரக் குற்றச் சந்தேகத்தில் காவல்துறை சோதனையிட்டது. விடுமுறை வீடுகளுக்குத் தேவையில்லாத அளவு படகுத்துறைகளும் ஹெலிகாப்டர் தளமும் கண்காணிப்புக் கேமராக்களும் அங்கே இருந்தன. ராணுவ நோக்கம் எதுவும் நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. ஆனால் முக்கியமான நிலங்கள் யார் கையில் போகின்றன என்ற கேள்வி எழுந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள் நிலம் வாங்க அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. 2024 கிறிஸ்துமஸ் நாளில் பின்லாந்தையும் எஸ்தோனியாவையும் இணைக்கும் கடலடி மின்கம்பி துண்டிக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய ‘ஈகிள் எஸ்’ எண்ணெய்க் கப்பலில் பின்லாந்து அதிகாரிகள் ஹெலிகாப்டரில் இருந்து இறங்கி அதைக் கைப்பற்றினார்கள். அதுவரை பால்டிக் கடலில் எந்த நாடும் இவ்வளவு விரைவாகச் செயல்பட்டதில்லை. 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம், சேதம் நடந்த இடம் நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே என்பதால் தனக்கு விசாரணை அதிகாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளியது.

அந்தத் தீர்ப்பைக் கேட்டு மாஸ்கோவில் சிலர் மகிழ்ந்திருக்கலாம். எனக்கு அது கவலை தரவில்லை. கவலை தருவது எல்லைச் சட்டம். 2023 இலையுதிர்காலத்தில் சிரியா, சோமாலியா, ஏமன் முதலிய நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,300 பேர் ரஷ்யப் பக்கத்திலிருந்து எல்லைச் சாவடிகளுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். ரஷ்ய அதிகாரிகள் வழிவிட்டு அனுப்பிய கூட்டம் அது என்பதில் ஹெல்சிங்கிக்கு ஐயமில்லை. சாவடிகள் மூடப்பட்டன. 2024 ஜூலையில், அடைக்கல விண்ணப்பத்தையே வாங்காமல் திருப்பி அனுப்ப இடம்தரும் தற்காலிகச் சட்டம் 167க்கு 31 என்று நிறைவேறியது. அரசியலமைப்புக்கு விலக்காக அமைந்த சட்டம் என்பதால் அதை உடனே கொண்டுவர ஆறில் ஐந்து பங்கு ஆதரவு தேவைப்பட்டது. இது அரசியலமைப்புக்கும் பன்னாட்டுக் கடமைகளுக்கும் முரண் என்று நாட்டின் சட்டப் பேராசிரியர்கள் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொல்லியும் அரசு கேட்கவில்லை. 2025இல் அது மேலும் நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு, ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலகவும் பாராளுமன்றம் முடிவெடுத்தது.

எல்லையில் நின்ற அந்த மனிதர்களை அனுப்பியவர் யாராக இருந்தாலும், குளிரில் நின்றவர்கள் அவர்கள்தான். அவர்களில் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் இருந்தார்கள். 1970களில் திருப்பி அனுப்பப்பட்ட சோவியத் அகதிகளைப் பற்றிப் பின்லாந்தியர் இன்று வெட்கத்தோடு எழுதுகிறார்கள். எதிர்த்து வாக்களித்த 31 உறுப்பினர்களும், சாட்சியம் சொன்ன பேராசிரியர்களும் எழுப்பிய கேள்வி இன்னும் பாராளுமன்றத்தின் மேசை மீது இருக்கிறது. சட்டம் அடுத்த முறை காலாவதியாகும்போது அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.